ஊதினால் வரும் எழுத்து

இன்று பள்ளி விடுமுறை. வெளியே சாரல். பேத்தி பீரோக் கண்ணாடியில் விரலால் ஏதோ எழுதினாள். ஒன்றும் தெரியவில்லை.

“தாத்தா, வாயால ஊதுங்க. எழுத்து வருதா பாருங்க.”

ஊதினேன். ‘மழை’ என்று வந்தது! எழுத்துக்கூட்டி நானே படித்துவிட்டேன். அந்தச் சந்தோஷத்தில் கொஞ்சம் கீழேயும் ஊதினேன்.

‘மாடசாமி’ என்று வந்தது.

“இத நான் எழுதல தாத்தா! உங்க பேருல்லா?”

சாய்ந்த எழுத்தைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. போன மாதம் இறந்த என் மனைவி. முதியோர் வகுப்பில் என்னோடு எழுதப் படித்தவள். நாற்பது வருடமும் ‘இந்தாருங்க’ என்றுதான் கூப்பிட்டாள். என் பெயரைச் சொன்னதே இல்லை.

எழுத்து மங்கியது. திரும்ப ஊதினேன். வந்தாள்.

மருமகள் துணியோடு நிற்கிறாள். “துடைச்சிரட்டுமா மாமா?”

“தொடாதம்மா.”

ஊத ஊத அழிந்துவிடுமா? தெரிந்தவர்கள் சீக்கிரம் சொல்லுங்கள். மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.