இடக்கையில் தண்ணீர்ப் போத்தல்

டென்மார்க்கின் ஹேர்னிங் நகரில் வளர்ந்த நேதன் பதினோரு ஆண்டுகள் தொழில்முறை ஹேண்ட்போல் ஆடினார். வலக்கையால் பந்தெறிபவர். கடைசி இரண்டு ஆண்டுகள் தோள்வலியை மறைத்தே ஆடினார். அதைக் கண்டுபிடிக்கச் சம்பளம் வாங்கிய பயிற்சியாளருக்கும் வைத்தியருக்கும் தெரியவில்லை. அந்த நாட்களில் ஒரு கல்யாண வீட்டில், எல்லோரும் கையால் சாப்பிட, அவர் வலக்கை எழும்பாமல் இடக்கையில் கரண்டி பிடித்துச் சோறு சாப்பிட்டார். பக்கத்தில் அம்மா மனோன்மணியும் அன்று ஏனோ கரண்டி கேட்டு வாங்கினார்.

தோள் ஒரேயடியாகக் கைவிட்டபின் நேதன் தொலைக்காட்சி வர்ணனையாளரானார். இடைவேளையில் யார் எந்தக் கையால் தண்ணீர்ப் போத்தலைத் தூக்குகிறார்கள் என்று பார்ப்பார். ஆட்டக்காரர்கள் மறைத்த வலியைச் சொல்லிவிடுவார் என்று பெயர் வாங்கினார்.

போன ஞாயிறு, வலக்கை எறிகாரன் ஒருவன், பத்தொன்பது வயது, போத்தலை இடக்கையால் தூக்கினான். நேதன் புள்ளி நிலவரத்தைப் பற்றிப் பேசினார்.

ஆட்டம் முடிந்ததும் அம்மா போனில் அழைத்தார். அவருக்கு டேனிஷ் அரைகுறை. ஆட்டத்தைக் கண்ணால்தான் பார்ப்பார்.

“அந்தப் பெடியனுக்குத் தோள் நோகுது, என்ன?”

“ஓம் அம்மா, கண்டனான். சொல்லேல்ல.”

“நல்லது.”

“உங்களுக்கு எப்பிடித் தெரியும்?”

“கலியாண வீட்டில கரண்டியால சாப்பிட எனக்கென்ன ஆசையே?”