நான்கு டக்ளஸ்

கியா பார்ம் மலைச்சந்தையின் சாலையோரக் கடையில் ஸ்ட்ராபெரி டப்பாவைத் திறந்து எண்ணுகிறேன். கடைக்காரப் பெண் சிரித்தபடி, எங்கள் ஊர் வழக்கப்படி 'லா' சேர்த்துப் பேசுகிறாள்.

"எல்லா டப்பாவும் ஒரே நிறைதான் லா அங்கிள். எந்த ஊரு நீங்க?"

"பொறந்தது இங்க பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துலதான். பேரு டக்ளஸ்."

அது எங்கள் லயத்து வரிசை வீடுகளுக்குத் தண்ணீர்க் குழாய் போட்டுத்தந்த வெள்ளைக்காரத் துரையின் குடும்பப் பெயர்; அவர் பெயரில் கடைசியாக வரும். அந்த வருடம் பிறந்த நான்கு ஆண் பிள்ளைகளுக்கும் அதையே வைத்தார்கள். 'கரிய நீர்' என்று பொருளாம்; பெரியவனான பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். லயத்தில் யார் அப்படிக் கூப்பிட்டாலும் நால்வரும் ஓடிவந்து நிற்போம்; அதனால் ஆளுக்கொரு பட்டப்பெயர் வந்தது, எதையும் எண்ணிப்பார்க்கும் நான் கணக்கு டக்ளஸ். இருவர் இறந்துவிட்டார்கள். மிச்சமிருக்கும் நெட்டை டக்ளஸைப் பார்க்கத்தான் இந்த முழங்காலோடு மலையேறி வந்திருக்கிறேன்.

"கணக்கு டக்ளஸா!" என்று எழுந்துவிடுகிறாள். "அதான் எண்ணுறீங்க. நான் நெட்டை டக்ளஸ் மக மேரி, சித்தப்பா. அப்பா போன மாசம் தவறிட்டாரு."

டப்பாவை மூடுகிறேன். மூடி சரியாக அமரவில்லை.

"அப்போ நான் ஒருத்தன்தான் மிச்சம்."

"சரியா எண்ணுங்க லா," என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு அடையாள அட்டையை நீட்டுகிறாள். மேரி என்ற பெயருக்குப் பின்னால், துரைக்கு இருந்த அதே கடைசி இடத்தில், டக்ளஸ்.