இந்தியா பெரிசா, இலங்கை பெரிசா: ஒரு பந்துக் கடைக்காரன் சொன்ன தீர்ப்பு

விளையாட்டுச் சாமான் கடை வைத்தவனுக்குச் சாமான் விற்பது சின்ன வேலை, வாங்க வந்தவரோடு வாதாடுவதுதான் பெரிய வேலை. கடை வைத்துப் பட்டவர்களுக்கு இது நன்றாகவே தெரியும். எழுபதுகளில் இலங்கை மலையகத்துப் பதுளை பஜாரில் என் கடைக்குள் கால் வைத்த ஆட்கள், பந்தைத் தொடுவதற்கு முன்னால், முஸ்லிம் அண்ணன் என்று என்னை 'நானா' போட்டுக் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "நானா, புட்போல்ல இந்தியா பெரிசா, நம்ம நாடு பெரிசா?" நானும் சளைக்காமல் பதில் சொல்வேன். எனக்குத் தெரியாததா!

வறுத்த பந்து

இறக்குமதி நின்றிருந்த காலம். இந்தியப் பந்து மருந்துக்கும் கிடைக்காது. நமுனுகுலப் பக்கத்துத் தேயிலைத் தோட்டக் கணக்கப்பிள்ளை ஒருவர் உள்ளூர்ப் பந்து ஒன்றை வாங்கிப் போனார். நாலாம் நாள் திரும்பி வந்து மேசையில் வைத்தார். பந்தா அது? வற்றல் மாதிரிச் சுருங்கிக் கிடந்தது.

மழையில் நனைந்ததாம். சீக்கிரம் காயட்டும் என்று பெக்டரியில் தேயிலை காய்கிற அடுப்புக்குப் பக்கத்தில் பகல் முழுக்க வைத்தார்களாம்! "அடுப்புல வச்சா எந்த நாட்டுத் தோலுங்க தாங்கும்?" என்று தலையில் அடித்துக்கொண்டேன். மனிதர் அசையவில்லை.

"என்னா சொன்னாலும் சரி நானா, இந்தியப் பந்தா இருந்தா வறுத்தாலும் தாங்கும்."

மாரியப்பன் கேட்ட கேள்வி

ஸ்பிரிங்வெளித் தோட்டத்து மாரியப்பன் சென்டர் போர்வேட். சரிவான மைதானத்தில் மேட்டைப் பார்த்து ஓடியே கோல் அடிப்பான். அப்படி ஒரு கால் எங்கள் ஊவா மாகாணத்தில் வேறு யாருக்கும் இல்லை. தோட்டத்துத் தமிழரை இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பும் ஒப்பந்தத்தில் வீட்டார் எல்லாரும் போகப் பெயர் கொடுத்துவிட்டார்கள். இவனுக்கு மட்டும் மனசு வரவில்லை. "அங்க போனா எனக்கு டீம்ல எடம் கெடைக்குமா நானா?" என்று என்னிடம் கேட்டான்.

நான் ஒரு நிமிஷம் யோசித்தேனா? இல்லை. "கல்கத்தாவுல மேட்ச் பார்க்கவே லட்சம் பேர் வர்றான். இங்க நமக்கு என்னா இருக்கு? போதாததுக்கு ஒனக்குப் பிரஜாவுரிமையும் இல்ல. இலங்கை டீம்ல எப்படிப்பா எடுப்பாங்க? பேசாம போ, அங்க ஒன்னைய தூக்கி வச்சுக்குவாங்க" என்றேன். அவன் முகம் மலர்ந்து போனான். பந்து தைத்துக்கொண்டிருந்த என் கடை ஹனிபா நிமிர்ந்து பார்த்தார்.

"அவன் இன்னும் ரயிலே ஏறல, நீங்க டீம்ல சேர்த்துட்டீங்களே முதலாளி!"

கடைசி ஆட்டம்

புறப்படுவதற்கு முந்தின ஞாயிறு டவுன் டீமோடு ஆட்டம். வெறுங்காலில் ஆடிப் பழகியவனுக்கு, இந்தியாவில் வெட்கப்படக் கூடாது என்று நானே ஒரு ஜோடி சப்பாத்து கொடுத்தேன். முதல் பாதியில் போட்டுக்கொண்டு தடுமாறினான். இடைவேளையில் கழற்றி என் மடியில் வைத்தான்.

"சப்பாத்து இந்தியாவுக்கு இருக்கட்டும் நானா, இங்க கோல அடிச்சிட்டு வந்துர்றேன்."

நீலகிரிக் கடிதம்

ரெண்டு கோல் அடித்தான். போயும் விட்டான். ஒரு வருஷம் கடிதமே இல்லை. போக மனசில்லாதவனை என் வாய்தானே அனுப்பி வைத்தது! கடை திறந்தால் முதலில் தபால்காரனைத்தான் பார்ப்பேன். எந்த நாடு பெரிசு என்று யாராவது கேட்டால் எரிந்து விழுந்தேன்.

கடைசியில் கோத்தகிரியிலிருந்து கடிதம் வந்தது. அங்கேயும் தேயிலைத் தோட்டத்தில்தான் வேலையாம். உள்ளூர் டீமில் போய்க் கேட்டானாம். 'சிலோன்காரனுக்கு இடம் இல்லை' என்று திருப்பி அனுப்பிவிட்டார்களாம். அப்புறம் பசறை, ஹப்புத்தளை என்று நம் பக்கமிருந்து போனவர்களைத் தேடிப் பிடித்து, பதினொரு பேர் சேர்த்து, அதே உள்ளூர் டீமை ஆட்டத்துக்குக் கூப்பிட்டிருக்கிறான். கடைசி வரியை ஹனிபாவுக்கு நான்தான் சத்தமாக வாசித்தேன்.

"நானா, நேத்து சிலோன் இந்தியாவ மூணுக்கு ஒண்ணுன்னு ஜெயிச்சிருச்சு."

ரெண்டு நாட்டுப் பந்தாட்டத்தையும் அத்தனை வருஷம் எடை போட்டு வாய் கிழியத் தீர்ப்புச் சொன்ன எனக்கு, இலங்கை டீம் நீலகிரியில் இருக்கும் என்பது மட்டும் தெரியாமல் போய்விட்டது.