கப்பல் ஓடாத வாரத்து மீட்டிங்

கிரீஸ் வாசனையும் சூடான சமோசா வாசனையும் ஒண்ணா வந்தா எனக்கு இன்னும் வயிறு எரியும். அசிடிட்டி இல்ல... பொறாமை.

அந்தமான்ல ப்ளஸ் டூ படிக்கறப்போ, ஜங்லிகாட் ஏரியால என் ஃப்ரெண்ட் சுபோத்தோட மாமா வெச்சிருந்த ஸ்கூட்டர் ஒர்க்‌ஷாப். அதுக்கு மேல ஒரு தகர ரூம். வெள்ளிக்கிழமை டியூஷன் முடிஞ்சா அங்கதான் எங்க மூணு பேர் மீட்டிங்.

"கப்பல் இருக்கா?"ன்னு ஒரு வெப்பேஜ் நடத்தினோம். தீவுக்குத் தீவு போற கப்பல் இன்னிக்கு ஓடுதா, கேன்சலா... அவ்வளவுதான் சொல்லும். சுபோத் கப்பல் நிக்கற ஜெட்டிக்குப் போய் அங்க இருக்கற போர்டைப் பாத்து அப்டேட் பண்ணுவான். டெய்ரி ஃபார்ம் ஏரியா ரீட்டா கோடிங். நான் கேன்சல் அன்னிக்கு வர்ற ஜோக் எழுதுவேன்.

"கப்பல் கேன்சல். இன்னிக்கு யார் மானமும் கப்பலேறாது."

மீட்டிங் நடத்தறதும் ரீட்டாதான். ஃபோன்ல பதினஞ்சு நிமிஷம் அலாரம். முதல்ல போன வாரம் பேஜை எத்தனை தடவை திறந்திருக்காங்கங்கற நம்பர், அப்புறம் ஒரே ஒரு முடிவு, அதை யார் செய்யறது. "எனக்கு என்ன தோணுதுன்னா"ன்னு ஆரம்பிச்சா சமோசா தட்டு நம்மளை விட்டு நகர்ந்துடும். அலாரம் அடிச்சதும், "சலோ, கதம்"னு இந்தில முடிச்சுட்டு எழுந்துடுவா.

வாரா வாரம் அவ ஐடியாதான் ஜெயிக்கும். பேஜ்ல இருந்த படத்தையெல்லாம் அவ எடுத்துட்டா, நம்ம ஆமை நெட்லயும் பேஜ் திறந்துச்சு. நம்பர் ஏறுச்சு. என் ஐடியா ஒவ்வொண்ணும் படுத்துக்கிச்சு. நம்பர் என்ன அவளுக்குத் தாய்மாமனான்னு எரிச்சலா வரும்.

ஒரு வாரம் ஜோக்கையே தூக்கிடலாம்னு ரீட்டா சொன்னா. நான் சண்டை போட்டேன். அடுத்த கேன்சல்ல பாப்போம், ஜனங்க திரும்பத் திரும்ப வந்து பாத்தா ஜோக் இருக்கட்டும்னு சுபோத் பஞ்சாயத்து பண்ணான்.

அப்போ பாத்து கடல் குளம் மாதிரி கிடந்துச்சு. எல்லாக் கப்பலும் ஓடுது. புயல் சின்னம் வரணும்னு வேண்டிக்கிட்ட ஒரே அந்தமான்காரன் நானாத்தான் இருப்பேன்.

வந்துச்சு. காத்துன்னா காத்து, நாள்கணக்கா கப்பலே இல்ல. அந்த வார நம்பரைப் பாத்தா, பேஜைத் திரும்பத் திரும்பத் திறந்திருக்காங்க. ஜெயிச்சுட்டேன்னு ரெண்டு சமோசாவைக் கையில எடுத்தேன்.

"இதுல என் ஃபோனைக் கழிக்கணும்டா"ன்னா ரீட்டா.

அவ அப்பாவுக்குக் கப்பல்ல இன்ஜின் வேலை. ஹட்பே துறைமுகத்துல கப்பலோட மாட்டிக்கிட்டார், சிக்னலும் இல்ல. முந்தின நாள்தான் வந்து சேர்ந்தாராம். அதுவரைக்கும் இவதான் பேஜைத் திறந்து திறந்து பாத்திருக்கா.

கழிச்சோம். மிச்சம் ஒண்ணுமே தேறல. என் மானம் கப்பல் இல்லாமலே ஏறுச்சு.

அவ சொல்லாம விட்டிருந்தா யாருக்கும் தெரிஞ்சிருக்காது. நேர்மைலயும் அவளே ஜெயிச்சா எப்படி?

"முதல் தடவை சிரிச்சேன்டா... அப்புறம் அப்பா கிளம்பிட்டாரான்னு பாக்கறப்பல்லாம் அதே ஜோக்கு."

கப்பல் ஓடற அன்னிக்கு மட்டும் ஜோக் போடலாம்னு சொன்னேன். நம்பர் இல்லாம நான் சொன்ன ஐடியா. ஆனா சமோசா தட்டு நகரல. அலாரம் அடிச்சப்புறமும் அவ எழுந்துக்கல.

இப்போ ரீட்டா மெயின்லேண்ட்ல, சென்னைல காலேஜ். அங்க வேற டீம். அன்னிக்கு என்கிட்ட பேசிட்டிருந்தவ, ஃபோனை கட் பண்ண மறந்து மீட்டிங்ல உக்காந்துட்டா. நம்பர், ஒரே முடிவு, யார் செய்யறது... எல்லாம் கேட்டேன். அலாரம் அடிச்சதும் அந்தப் பசங்க கோரஸா "சலோ, கதம்"ங்கறாங்க. அது எங்க ரூமோட சொத்துடா, உங்களுக்கு யார் குடுத்தா?

இங்க நானும் சுபோத்தும் இன்னும் வெள்ளிக்கிழமை உக்கார்றோம். தட்டை நகர்த்த ஆள் இல்லாததால சமோசா எல்லாம் எனக்குத்தான். ருசிக்கல.

போன வாரம் மறுபடி காத்து, கப்பல் கேன்சல். நம்பரைப் பாத்தா, சென்னைல இருந்து ஒரே ஒரு ஃபோன் பேஜைத் திறந்து திறந்து பாத்திருக்கு.

"கழிச்சிடலாமா?"ன்னான் சுபோத்.

வேணாம், இருக்கட்டும்னேன்.