கரை விட்ட பட்டு

எங்கள் பள்ளியில் இலவசச் சேர்க்கைக்குப் பிள்ளைகளைத் தேர்ந்தெடுக்கும் நாளில் நான் கட்டுவது ஒரே சேலைதான். மஞ்சள் உடல், அரக்குக் கரை, அசல் காஞ்சிப் பட்டு. முகூர்த்தத்துக்கா என்று பஸ்ஸில் கேட்பார்கள். கரையோரம் ஒரு சாண் நீளத்துக்கு, உடலும் கரையும் சேராமல் விரல் நுழையும் ஓட்டைகள் இருப்பது கட்டுகிறவளுக்குத்தான் தெரியும். இன்று காலையும் அம்மா கட்டிலில் உட்கார்ந்தபடியே, "பழுத உள்ள வெச்சு மடிச்சுக் கட்டுடி, மானம் போவுது" என்றாள்.

அந்தப் பழுது என் கைங்கரியம். கரை தனி நிறமாக உள்ள சேலைக்குத் தறியில் இரண்டு பேர் வேண்டும். ஒருவர் நெய்ய, இன்னொருவர் மறு ஓரத்தில் உட்கார்ந்து கரைக்கான நூல் ஓடும் நாடாவைத் தள்ளித் தர வேண்டும். அப்பா நெஞ்சு நோயில் படுத்ததும் நான்காம் வகுப்போடு என்னை நிறுத்தி அந்த ஓரத்தில் உட்கார வைத்தார்கள். நானோ மடியில் பொட்டலக் காகிதத்தை விரித்துப் படித்துக்கொண்டே நாடாவைத் தள்ளினேன். காய்ச்சலோடு நெய்துகொண்டிருந்த அம்மாவும் கவனிக்கவில்லை. சேலையை விரித்துப் பார்த்த முதலாளி, நீயே வைத்துக்கொள் என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். அடி விழும் என்று காத்திருந்தேன். விழவில்லை. மறுநாள் அம்மா செவிலிமேட்டுப் பக்கம் ஓர் அறக்கட்டளை நடத்திய இலவசப் பள்ளிக்கு என்னைத் தரதரவென்று இழுத்துப் போய்ச் சேர்த்தாள். அதன்பிறகு ஒற்றை ஆளாக நெய்யக்கூடிய, கூலி குறைந்த சேலைகளையே நெய்தாள்.

ஆண்டு முடிவில் பெற்றோரைப் பார்க்க அறக்கட்டளைச் செயலாளர் வந்தார். விவரம் தெரிந்த தாய்மார்கள் இருப்பதில் பழசைக் கட்டி வந்தார்கள். என் அம்மா இந்தப் பட்டில் வந்தாள். பெரிய மனிதர் முன்னால் கந்தலோடு நிற்பது அவருக்குச் செய்யும் அவமரியாதை என்பது அவள் கட்சி. செயலாளர் அவளை மேலும் கீழும் பார்த்தார். "பட்டு கட்டுற வீட்டுக்கு எதுக்கும்மா இலவசப் படிப்பு?" என்றபடி என் பெயரை அடிக்கப் பேனாவை எடுத்தார். எனக்கு அவரைவிட அம்மா மீதுதான் ஆத்திரம் பொங்கியது. பள்ளி கைவிட்டுப் போனால் எனக்கு மறுபடியும் தறியோரம்தான்.

அம்மா அழவில்லை, காலிலும் விழவில்லை. கொசுவத்துக்குள் மறைத்திருந்த கரையை வெடுக்கென்று உருவி அவர் மேசைமேல் போட்டாள். "நல்லா பாருங்க சார். எம்பொண்ணு தறியில உக்காந்துக்கினு படிச்ச லட்சணம் இது. எவனும் வாங்கல, அதான் நான் கட்டிக்கினு இருக்கேன். இவள மறுபடியும் தறிக்கு அனுப்பினீங்கன்னா ஊர்ல இருக்குற பட்டெல்லாம் ஓட்டையாயிடும்." ஓட்டையை விரலால் தடவிப் பார்த்த செயலாளர் பேனாவை மூடி வைத்தார். அம்மா கரையை மறுபடியும் கொசுவத்துக்குள் செருகிக்கொண்டாள். நெய்கிறவள் தன் பழுதை நாலு பேருக்குக் காட்டுவது எவ்வளவு பெரிய காரியம் என்று அப்போது எனக்குப் புரியவில்லை. கல்லூரி முடியும்வரை அதை வெட்கக்கேடாகவே நினைத்திருந்தேன். அந்த நன்றிகெட்டதனம் இன்றும் உறுத்துகிறது.

இன்று அதே பள்ளியில் நான் தலைமையாசிரியை. காலையில் மாகறலிலிருந்து ஒருவர் மகளோடு வந்தார். கட்டட வேலை செய்பவர். சட்டை புத்தம் புதிது. கடையில் மடித்த மடிப்புகூடக் கலையவில்லை. தேர்வுக் குழுவின் புது உறுப்பினர் என் பக்கம் சாய்ந்து, "புதுச்சட்ட போட்டுக்கினு இலவச சீட்டு கேக்க வந்துட்டாரு, பாத்தீங்களா மேடம்?" என்றார்.

நான் கொசுவத்திலிருந்து கரையை உருவி மேசைமேல் வைத்தேன். அது யார் செய்த பழுது என்று அந்தச் சிறுமியின் முன்னாலேயே சொன்னேன். சிறுமியின் பெயரை எழுதிக் கையெழுத்திட்டேன். பிறகு கரையை உள்ளே செருகாமல், ஓட்டை தெரியும்படி அப்படியே விட்டுவிட்டு அடுத்த பெயரைக் கூப்பிட்டேன்.