மடியில் பட்ட ஈரம்

காலையில் வேன் ஏறுவதற்கு முன்னால் எப்சி ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டாள். டீயும் கிடையாது. பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிட்டு, பாத்ரூம் போய் வந்த பிறகுதான் தொண்டையை நனைப்பாள். யாராவது கேட்டால், "எனக்குத் தாகமே எடுக்காது" என்பாள். அது பொய். வெயில் நாளில் நாக்கு மேலண்ணத்தோடு ஒட்டிக்கொள்ளும்.

சேலையூரில் உள்ள ஒரு நர்சரிப் பள்ளியின் வேனில் அவள் ஆயா. முடிச்சூரில் தொடங்கி ஒவ்வொரு வாசலாக நின்று பிள்ளைகளை ஏற்றி வரவேண்டும். அழுகிற பிள்ளை எப்சி கைக்குப் போனால் அடங்கிவிடும் என்று அம்மாக்களே சொல்வார்கள். வேனில் எப்போதும் இடம் போதாது. அதனால் எல்லாரிலும் சின்னப் பிள்ளையை மடியில் வைத்துக்கொள்வாள். இந்த வருஷம் அந்த இடம் எல்.கே.ஜி. படிக்கிற ஜீவிதாவுக்கு.

எப்சிக்கு மூன்று பிரசவம். கடைசிப் பையனை ஆயுதம் போட்டு எடுத்தார்கள். அது முடிச்சூர் வெள்ளத்தில் மூழ்கிய வருஷம். பச்சை உடம்போடு அரிசி டிரம்மையும் நனைந்த மெத்தையையும் மாடிக்குத் தூக்கினாள். அதற்குப் பிறகுதான் தும்மினாலும் இருமினாலும் குடம் தூக்கினாலும் சிறுநீர் கசிய ஆரம்பித்தது.

பக்கத்து வீட்டுக் கன்னியம்மாவிடம் ஒரே ஒரு முறை கேட்டாள்.

"புள்ள பெத்தவளுக்கு இதெல்லாம் இருக்கறதுதான்டி. இதப் போயி வெளிய சொல்லுவியா?" என்றாள் கன்னியம்மா.

எப்சி அதன்பிறகு வாயைத் திறக்கவில்லை. கணவர் ஜெபகுமாருக்கே தெரியாது. சர்ச்சில் கடைசி வரிசையில் உட்கார்ந்து, பாட்டை முணுமுணுப்பதோடு நிறுத்திக்கொள்வாள். தண்ணீர் குடிக்காமல் இருந்து இருந்து நீர்க்கடுப்பு வந்து, காய்ச்சலும் சேர்ந்தது. அப்போதுகூட கிளினிக்கில் காய்ச்சலை மட்டும்தான் சொன்னாள். காய்ச்சலுக்கு மாத்திரை கொடுத்தார்கள். அதை விழுங்கினாள்.

அன்று அவளுக்கு நல்ல சளி. பழைய புடவைத் துணியை இரண்டாக மடித்து வைத்துக்கொண்டுதான் வந்தாள். தாம்பரம் மேம்பால இறக்கத்தில் டிரைவர் சேட்டு சடாரென்று பிரேக் போட்டான். ஜீவிதாவை இறுக்கிப் பிடித்த அதே நேரத்தில் எப்சிக்கு இருமல் வந்தது. விடாத இருமல். துணி தாங்கவில்லை. புடவையைத் தாண்டி ஈரம் பிள்ளையின் ஸ்கர்ட் வரை போனது.

பள்ளி வாசலில் இறங்கும்போது யு.கே.ஜி. முகிலன்தான் முதலில் பார்த்தான். "ஐயே, ஜீவிதா ஸ்கர்ட்டு நனைஞ்சிருக்கு!"

சேட்டு திரும்பினான். "இன்னா பாப்பா, மூச்சா வந்தா சொல்லக்கூடாதா? ஆயாம்மா பொடவையெல்லாம் பாரு."

"நான் இல்ல" என்றாள் ஜீவிதா. சொல்லிவிட்டு எப்சியைப் பார்த்தாள்.

எப்சி வாயைத் திறந்தாள். உள்ளே இருந்தது வேறு. வெளியே வந்தது, "விடுங்கண்ணா, சின்னப் புள்ளதானே."

பள்ளியிலிருந்து தகவல் போயிருந்தது. சாயங்காலம் ஜீவிதாவின் அம்மா தீபலட்சுமி வீட்டு கேட்டிலேயே காத்திருந்தாள். "ஸாரி ஆயாம்மா. இவ இப்பல்லாம் இப்படிப் பண்றதே இல்ல. உங்க புடவை வேற வீணாப் போச்சு."

"அதெல்லாம் ஒண்ணும் இல்லம்மா" என்றாள் எப்சி. தன்னிடமே மன்னிப்புக் கேட்கிறவளின் முகத்தை அவளால் பார்க்க முடியவில்லை.

மறுநாள் ஜீவிதா டயப்பரோடு வந்தாள். ஸ்கர்ட் உப்பிக்கொண்டு நின்றது. "டயப்பர் பாப்பா, டயப்பர் பாப்பா" என்று முகிலன் தொடங்க, வேன் முழுக்கப் பாடியது. எப்சி அதட்டினாள். கொஞ்ச தூரம் அடங்கி, மறுபடி பாடினார்கள்.

அடுத்த நாள் ஜீவிதாவுக்கு உதடு காய்ந்திருந்தது. எப்சி அவள் பாட்டிலைத் திறந்து நீட்டினாள். பிள்ளை தலையை ஆட்டியது.

"வேணாம் ஆயாம்மா. குடிச்சா மூச்சா வந்துடும்." கொஞ்சம் யோசித்துவிட்டு மெதுவாகச் சொன்னது: "நான்தான் போயிட்டேன் போல. எனக்குத் தெரியல."

எப்சி பாட்டிலை மூடினாள்.

"அண்ணா, வண்டிய நிறுத்துங்க."

"இங்கியா? கேம்ப் ரோடு இது, அக்கா. பின்னாடி பஸ்ஸுக்காரன் ஹாரன் அடிச்சிகினு கீறான்."

"நிறுத்துங்கண்ணா!"

சேட்டு ஓரம் கட்டினான். எப்சி எழுந்து நின்றாள். "எல்லாரும் கேளுங்க. அன்னிக்கி நனைச்சது ஜீவிதா இல்ல. நான். இருமுனா எனக்குத் தானா வந்துடும். உடம்புல ஒரு கோளாறு. பாப்பா பொய் சொல்லல."

முகிலன் கேட்டான்: "பெரியவங்ககூட போவாங்களா?"

"ஆமா."

"சீ" என்றது பின் சீட்டில் ஒரு குரல். அப்புறம் எல்லாரும் சிரித்தார்கள். ஜீவிதாவைச் சுற்றிய சிரிப்பு இப்போது சேரவேண்டியவளிடமே வந்து சேர்ந்தது. எப்சி உட்கார்ந்தாள். காது மடல் சுட்டது.

சாயங்காலம் தீபலட்சுமியிடமும் சொன்னாள். அவளுக்கு முதலில் புரியவே இல்லை. புரிந்ததும் மகளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"இவள அடிச்சேன் ஆயாம்மா. பொய் சொல்றான்னு நெனச்சு அடிச்சேன். அன்னிக்கே சொல்லியிருக்கலாம்ல?"

"மன்னிச்சிடும்மா" என்றாள் எப்சி.

"ஸ்கூல்ல சொல்லமாட்டேன். ஆனா இனிமே அவள மடியில வெக்காதீங்க." கேட் சாத்தப்பட்டது.

கடைசிப் பிள்ளையும் இறங்கிய பிறகு, சேட்டு ரோட்டைப் பார்த்தபடியே பேசினான். "எங்க வூட்டுக்காரிக்கும் இதே பேஜாருதான்க்கா. கவர்மென்ட் ஆஸ்பத்திரில லேடி டாக்டராண்ட காட்டுச்சு. இப்ப எவ்ளவோ பரவால்ல. நீயும் போய்ப் பாரு."

அந்த வாரமே போனாள். டாக்டர் வயதில் சின்னவள். எப்சி தயங்கித் தயங்கிச் சொல்வதற்குள் அவளே கேட்டாள்: "இருமினா, சிரிச்சா வருதா? பெரிய குழந்தையா, ஆயுதம் போட்டாங்களா?" எப்சி தரையைப் பார்த்தபடி தலையாட்டினாள்.

பரிசோதித்துவிட்டு டாக்டர் சொன்னாள்: "பிரசவத்துல இடுப்புக்குக் கீழ சிறுநீர்ப்பையத் தாங்கற தசை தளர்ந்துடுச்சு. நெறைய பேருக்கு இருக்கும்மா, சொல்லத்தான் மாட்டாங்க. தண்ணிய நிறுத்தினா இது நிக்காது, இன்ஃபெக்ஷன்தான் வரும். சிறுநீர அடக்கற மாதிரி அந்தத் தசைய உள்ள இழுத்துப் புடிச்சு, மெதுவா விடுங்க. தெனமும் செய்யணும். ரெண்டு மூணு மாசத்துல வித்தியாசம் தெரியும். அப்பவும் கொறையலன்னா வேற வைத்தியம் இருக்கு. ஏன் இவ்ளோ வருஷம் வரல?"

"வெக்கமா இருந்துச்சு டாக்டர்."

திங்கட்கிழமை ஜீவிதா டயப்பர் இல்லாமல் வந்தாள். அம்மா சொல்லி அனுப்பியபடி சீட்டின் ஓரத்தில் ஒட்டி உட்கார்ந்தாள். வேன் கொஞ்ச தூரம் போன பிறகு எப்சி பக்கம் சாய்ந்து ரகசியமாகக் கேட்டாள்:

"ஆயாம்மா, ஒன்ன யாரு அடிச்சாங்க?"

"யாரும் அடிக்கல பாப்பா" என்றாள் எப்சி.

அப்படியா என்பதுபோல் பிள்ளை அவளையே பார்த்துக்கொண்டிருந்தது. எப்சி ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.