பஸ்தியாம்பிள்ளையின் வெனிஸ் வகுப்பு

லண்டன் லூயிஷாமில் ஒரு பழைய பள்ளிக்கூடக் கட்டடத்தில், 1988 செப்டெம்பரில், வெனிஸ் குடியரசின் வரலாறு பற்றிய மாலை வகுப்பு தொடங்கியது. புதன்கிழமை தோறும் திருமதி பிரைஸ் என்ற ஓய்வுபெற்ற ஆசிரியை நடத்தினார். அதில் தமிழர் இருவர்: நானும் பஸ்தியாம்பிள்ளையும்.

பஸ்தியாம்பிள்ளை யாழ்ப்பாணத்தின் மீன்பிடி ஊரான பாசையூர்க்காரர். மனைவி காலமாகிவிட்டார், ஒரே மகள் கனடாவில். ஆஸ்பத்திரிச் சமையலறை ஒன்றில் காலை ஷிப்டில் பாத்திரம் கழுவினார். அங்கே யாருக்கும் அவர் பெயர் வாயில் வராததால் "பில்" என்று சுருக்கிவிட்டார்கள். திருமதி பிரைஸ் மட்டும் முதல் வாரம் தடுமாறி, இரண்டாம் வாரம் "மிஸ்டர் பஸ்தியாம்பிள்ளை" என்று முழுதாகக் கூப்பிட்டார். அதற்காகவே வருவதாக அவர் என்னிடம் சொன்னதுண்டு.

இன்னொரு காரணமும் இருந்தது. படையெடுப்புக்குத் தப்பி ஓடிய சனங்கள் சேற்றுத் தீவுகளில் மரத்தூண் இறக்கி ஊர் கட்டியதையும், உப்பும் மீனும் விற்றுப் பிழைத்துப் பின்னாளில் மிளகுக் கப்பல்களுக்கு எசமான்கள் ஆனதையும் ஆசிரியை சொன்னபோது, பஸ்தியாம்பிள்ளை என் முழங்கையை இடித்தார்.

"அகதியள் அண்ணை. கவுன்சில் வீடும் இல்லை, பெனிபிட் காசும் இல்லை. பாருங்கோவன்!"

போர்த்துக்கேயர் ஆபிரிக்காவைச் சுற்றிப்போய் மிளகு வாங்கத் தொடங்கிய பாடம் குளிர்காலத்தில் வந்தது. வெனிஸ் மெலிந்தது, வகுப்பும் மெலிந்தது. பெப்ரவரியில் ஏழு பேர்தான். பத்துப் பேர் இல்லாவிட்டால் வகுப்பை மூடுவார்கள் என்றும், அடுத்த புதன் ஏழு மணிக்கு அதிகாரி ஒருவர் வந்து தலை எண்ணுவார் என்றும் அறிவித்தார்கள்.

பஸ்தியாம்பிள்ளை அந்த வாரம் முழுவதும் ஆள் தேடி அலைந்தார். கடைசியில், லண்டனின் மிட்சம் பகுதியில் கடை வைத்திருந்த தியாகராஜா, மனைவியையும் மைத்துனரையும் கூட்டிக்கொண்டு வந்து சேர்வதாக ஒப்புக்கொண்டார்.

அதிகாரி வந்தார். ஏழு தலை எண்ணினார். மரியாதைக்குக் கொஞ்ச நேரம் பொறுத்திருந்தார். பஸ்தியாம்பிள்ளை வாசலுக்கும் கதிரைக்கும் நடந்தார். அதிகாரி வகுப்பை மூடும் தாளில் கையெழுத்திட்டுப் போய்விட்டார்.

அவர் போன பிறகு தியாகராஜா பட்டுச்சேலை மனைவியோடும் மைத்துனரோடும் ஒரு தட்டு ரோல்ஸோடும் நுழைந்தார்.

"என்ன பஸ்தி, துவங்கியிட்டாங்களோ?"

"ஏழு மணி எண்டெல்லோ சொன்னனான்!"

"ஏழெண்டால் ஏழரை எண்டுதானே ஐசே? கலியாண வீட்டுக்கே எட்டுக்குத்தான் போறனாங்கள்."

ஆசிரியை மூன்று கதிரைகளை இழுத்துப் போட்டார். அதுவே கடைசி வகுப்பு என்பதால், மீதிப் பாடங்களை விட்டுவிட்டு வெனிஸின் முடிவைச் சொன்னார். 1797 மே மாதம், பிரெஞ்சுப் படை கரையில் நிற்க, பெரிய அவை கூடியது. தீர்மானம் செல்ல அறுநூறு பேர் வேண்டும். வந்தவர்கள் ஐந்நூற்று முப்பத்தேழு பேர். அந்தக் குறையோடேயே வாக்களித்துக் குடியரசைக் கலைத்தார்கள்.

"மிச்ச ஆக்கள் எங்கையாம்?" என்று பஸ்தியாம்பிள்ளை என்னிடம் கேட்டார்.

"வழியில ரோல்ஸ் வாங்க நிண்டிருப்பினம்" என்றார் தியாகராஜா.

எங்கள் வரிசை சிரித்தது. பஸ்தியாம்பிள்ளையும் சிரித்தார், பிறகு கண்ணாடியைக் கழற்றி நெடுநேரம் துடைத்தார். வாசலில் ஆசிரியை பஸ்தியாம்பிள்ளைக்குக் கைகுலுக்கி அவர் பெயரை முழுதாகச் சொன்னார்.

அதன்பின் அவரை நான் காணவில்லை. அவர் அறையில் தொலைபேசி கிடையாது. கோடையில் ஆஸ்பத்திரிச் சமையலறைக்குப் போன் எடுத்து, பஸ்தியாம்பிள்ளை இருக்கிறாரா என்றேன். அப்படி ஒருவரும் இல்லை என்றார்கள். "பில்" என்று கேட்டேன். கூப்பிட்டார்கள்.

"ஹலோ, பில் ஸ்பீக்கிங்" என்றது அவர் குரல்.

"பஸ்தியாம்பிள்ளை" என்றேன்.

அவர் கதவைச் சாத்தியதும் பாத்திரச் சத்தம் அடங்கியது.

"சொல்லுங்கோ அண்ணை. இண்டைக்குப் புதனெல்லோ."